ஜெபித்தும் நிலைமை மாறவில்லையே, தேவன் எங்களை நடத்துகிறாரா?

கேள்வி: என் கணவர் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டு எட்டு மாதமாகிறது. மாமியாருக்குப் புற்றுநோய், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ நடக்கிறது. வீட்டுக்கடனில் இரண்டு தவணை பாக்கி. இப்போது வேறு ஊரில் ஒரு வேலை வந்திருக்கிறது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. 20 நாளில் பதில் சொல்லவேண்டும். வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். ஒருநாள் ‘போ’ என்பதுபோல வசனம் வந்தது, மறுநாள் ‘இரு’ என்பதுபோல வந்தது. ‘இந்த வருஷம் முடிவதற்குள் இரட்டிப்பான வேலை கிடைக்கும்’ என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னார். வருஷம் முடிந்துவிட்டது. இன்னொருவர் எங்கள் வீட்டில் விசுவாசம் குறைவு, மருந்தை நிறுத்திப் பாருங்கள் என்கிறார். முறுமுறுக்காமல் ஸ்தோத்திரம் மட்டும் சொல்லச் சொல்கிறார்கள். ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு வார்த்தையே வருவதில்லை. இரவில் தூக்கமில்லை. பயப்படுவதே பாவமா? தேவன் எங்களை நடத்துகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு சகோதரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமியாரின் மருந்தை நிறுத்தாதீர்கள். கீமோவின் இடைவெளி கணக்குப் பார்த்து வைக்கப்படுவது. மருத்துவர் சொல்லாமல் நடுவில் விட்டால் நோய் மறுபடி வளர நாமே இடம் கொடுத்ததாகிவிடும். கீமோ நடக்கும் நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நேரம் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். அப்போது உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், தொற்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடலாம். ஜெபக்குழுவுக்கு வழியிலிருந்து சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிச் செய்வது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் அழுது ஜெபித்தார். ‘உன்னைக் குணமாக்குவேன், மூன்றாம் நாளிலே ஆலயத்துக்குப் போவாய், 15 வருஷம் கூட்டுவேன்’ என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாதான் அதே வேகத்தில் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். குணமாவது நிச்சயம் என்று தேவனே சொன்ன இடத்திலும் மருந்து தேவைப்பட்டது. அப்படியொரு வாக்கு நேராக வராத நாம் மருந்தைத் தள்ளிவைக்க என்ன நியாயம் இருக்கிறது?

அடுத்தது, ‘விசுவாசம் குறைவு’ என்ற குற்றச்சாட்டு. இது உங்களை எவ்வளவு அரித்திருக்கிறது என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை இன்று ஒரே மூச்சில் படியுங்கள். 34ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே பட்டயத்துக்குத் தப்பினவர்கள் இருக்கிறார்கள். மூன்றே வசனம் தள்ளி, 37இல், அதே விசுவாசத்தோடு பட்டயத்தால் வெட்டுண்டு செத்தவர்கள் இருக்கிறார்கள். 39ஆம் வசனம் இரண்டு கூட்டத்தையும் பிரிக்காமல், எல்லாருமே விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றவர்கள் என்கிறது. தப்பினவனுக்கு விசுவாசம் அதிகம், வெட்டுண்டவனுக்குக் குறைவு என்ற கணக்கு அங்கே இல்லை. பவுல் தன் சரீரத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார், முள் நீங்கவில்லை. நம் ஆண்டவர் இயேசுவே சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் மூன்று முறை ஜெபித்தார், பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. கேட்டது கிடைக்காததை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது. பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது அவர்கள்மேல்தான். அதிகாரம் அதிகாரமாகக் கடவுளிடம் குமுறித் தீர்த்த யோபுவைப் பற்றி ‘என் தாசனாகிய யோபு நிதானமாய்ப் பேசினான்’ என்ற பொருளில்தான் அவர் சொல்கிறார். உங்களுக்கு நான் சொல்லவேண்டிய முக்கியமான காரியம் இதில் அடங்கியிருக்கிறது. குமுறலை வெளியே விடாமல் அடக்கிக்கொள்வது நம்பிக்கையின் அடையாளம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேதமோ அந்தக் குமுறலை யாரிடம் கொண்டுபோகிறோம் என்று பார்க்கிறது. வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டார்கள். சங்கீதக்காரர்கள் அதே கசப்பை நேரே அவர் முகத்துக்கு முன் கொட்டினார்கள். சங்கீதங்கள் 150இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்கள். அவை ஆலயத்தில் பாடக் கொடுக்கப்பட்டவை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபத்தில் உங்களுக்கு வார்த்தை வராததற்குக் காரணமும் இதுவே என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பதை ஓரமாக வைத்துவிட்டு, சொன்னால் தவறாகாத வாக்கியங்களைத் தேடுகிறீர்கள். அவை தீர்ந்துபோகும்.

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது. அது முறையீடு. 3, 4ஆம் வசனங்கள் விண்ணப்பம்: என்னைப் பாரும், பதில் கொடும், என் கண்களைத் தெளிவாக்கும். 5, 6ஆம் வசனங்களில்தான் ‘நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்’ என்று வருகிறது. இந்த வரிசையிலேயே நீங்களும் ஜெபியுங்கள். ஒருநாளைக்கு 15 நிமிஷம் போதும். தனியாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘எங்கள் பாரங்களை எல்லாம்’ என்று மொத்தமாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அது இப்படி இருக்கும்:

‘கர்த்தாவே, எட்டு மாதமாக இவர் காலையில் எழுந்து குளித்து, போவதற்கு இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். என்னால் பார்க்க முடியவில்லை. நீர் பார்க்கிறீரா? அத்தைக்கு மருந்து ஏற்றிய ராத்திரியெல்லாம் வாந்தி. வங்கியிலிருந்து போன் வந்தால் என் கை நடுங்குகிறது. இந்த வருஷத்துக்குள் என்று சொன்னார்களே, அது நீர் சொன்னதுதானா? எதுவரைக்கும்? இந்த மாதத் தவணைக்கு வழி காட்டும். இவரோடு சண்டை போடாமல் இன்று ஒருநாள் பேச எனக்குப் பொறுமை கொடும். உம்மை விட்டுப் போக எங்களுக்கு வேறு இடமில்லை.’

இதில் இரண்டு இடத்தில் தடுக்கும். முதல் நாள்களில் முறையீட்டை இரண்டு வரியில் முடித்துவிட்டு, பயந்துபோய் நேரே ஐந்தாம் வசனத்துக்கு ஓடுவீர்கள். ஓடாதீர்கள், முறையீட்டுக்கே பாதி நேரம் கொடுங்கள். பழகியபிறகு, முறையீட்டிலேயே சுற்றிச்சுற்றி வந்து எதையும் கேட்காமல் எழுந்துவிடுவீர்கள். அந்தக் கட்டத்தில் விண்ணப்பத்தை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள். ஐந்தாம் வசனம் வராத நாளும் உண்டு. அன்றைக்கு நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வராத நம்பிக்கையை வந்ததாகச் சொல்லவேண்டாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதற்கும் வேதத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

அதே நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். இம்மட்டும் கிடைத்த உதவிகளைத் தேதி போட்டு எழுதுங்கள். ‘தேவன் நல்லவர்’ என்று எழுதினால் நெருக்கடியில் அது கைகொடுக்காது. யார், என்றைக்கு, என்ன கொடுத்தார், எந்த நாள் எதிர்பாராமல் தப்பியது என்று விவரமாக எழுதுங்கள். 77ஆம் சங்கீதம் பத்து வசனம் வரைக்கும் தவித்துவிட்டு, பதினோராம் வசனத்தில் பழைய செயல்களை நினைவுகூரும்போதுதான் திரும்புகிறது. தவிக்கிற மனதுக்கு ஞாபகம் சுருங்கிவிடும், எழுத்தில் இருந்தால்தான் அகப்படும்.

பயம் பாவமா என்று கேட்டீர்கள். ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’ என்கிறது சங்கீதம் 56:3. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம். ‘அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்’ என்று பேதுரு எழுதியது கவலை இருக்கிறவர்களுக்குத்தான். பயந்ததற்காக மனஸ்தாபப்பட்டு அதன்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இரவு விஷயத்தில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். படுக்கையில் கிடந்தபடி ஜெபிக்க முயல்கிறவர்கள் பெரும்பாலும் கவலையைத்தான் ஜெபத்தின் சாயலில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், தூக்கம் இன்னும் கெடும். சாயங்காலமே, படுக்கையை விட்டு வேறு இடத்தில், பத்து நிமிஷம் உட்கார்ந்து கவலைகளை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். எதிரே, நாளைக்கு நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதை எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ‘உம்முடையது’ என்று எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள். வனாந்தரத்தில் வானத்திலிருந்து கொடுத்த மன்னா என்ற அப்பத்தை அன்றன்றைக்கு மட்டும் பொறுக்கச் சொன்னார் கர்த்தர். மீதம் வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு நாளுக்குச் சேர்க்கச் சொன்னார், அது கெடவில்லை. ஆக, முன்யோசனை தவறில்லை. வரப்போகிற ஆறு மாதத்தையும் ஒரே ராத்திரியில் வாழ்ந்து பார்க்கிறோமே, அதற்குத்தான் பெலன் கொடுக்கப்படுவதில்லை. படுத்து 20 நிமிஷத்துக்குமேல் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து நாலாம் சங்கீதத்தைப் படியுங்கள். தினமும் அதே சங்கீதம்தான், புதிது தேடவேண்டாம். கண் சொருகும்போது போய்ப் படுங்கள். போனைத் தொடாதீர்கள்.

இனி வேலை விஷயம்.

வேதத்தைக் கண்ணை மூடித் திறப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அது வசனத்தைச் சீட்டாக்கிவிடுகிறது. உங்களுக்கே இரண்டு நாளில் இரண்டு பதில் வந்ததே, போதாதா? கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, அதில் பனி பெய்கிறதா என்று அடையாளம் கேட்கவில்லையா என்பார்கள். கிதியோனுக்குத் தேவன் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியாகிவிட்டது, ‘நீர் சொன்னபடி’ என்று அவரே ஒத்துக்கொண்டுதான் தோலைப் போடுகிறார். நம்பத் தடுமாறினவருக்குத் தேவன் இரங்கின சம்பவம் அது. சித்தத்தை அறிவதற்கான வழிமுறையாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னும் இரண்டு அடையாளங்களை எல்லாரும் சொல்வார்கள். ஒன்று ‘கதவு திறந்தது’, மற்றொன்று ‘மனதில் சமாதானம் வந்தது’. இரண்டுமே தனியாக நிற்காது. யோனா தேவனை விட்டு ஓடினபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கையில் கப்பல் கூலியும் இருந்தது. கப்பலின் அடித்தட்டில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தார். கெத்செமனேயில் பிதாவின் சித்தத்தின் நடுமையத்தில் இருந்தவருக்கோ வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. நமக்கு வரும் ‘சமாதானம்’ பலநேரம் முடிவெடுக்கிற தொல்லை தீர்ந்த ஆசுவாசமாகத்தான் இருக்கும்.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுலின் குழு அன்றைய ரோம மாகாணமான ஆசியாவில் பிரசங்கிக்கப் போனது, ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனம் செய்தது, அதுவும் அடைபட்டது. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியன் ஒருவன் அழைக்கிற தரிசனம். தரிசனம் கண்டது பவுல் ஒருவர், நிச்சயித்துக்கொண்டது ‘நாங்கள்’ என்று அந்தப் புத்தகத்தை எழுதின லூக்கா எழுதுகிறார். சேர்ந்து யோசித்திருக்கிறார்கள். போன இடத்தில் முதலில் செவிகொடுத்தது ஆற்றங்கரையில் இருந்த லீதியாள் என்ற பெண்மணி. கொஞ்ச நாளில் அடி, உள்காவல், காலை மாட்டிவைக்கிற தொழுமரம். சரியான ஊருக்குத்தான் போனார்கள், அங்கேயும் கஷ்டம் இருந்தது. அந்த வேலைக்குப் போய் முதல் மாதமே சிரமப்பட்டால் ‘தப்பான வழியில் வந்துவிட்டோம்’ என்று நீங்கள் துவளக்கூடாது என்பதற்காக இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உங்களிடம் 20 நாள் இருக்கிறது. முதல் ஒரு வாரம் விவரம் சேர்க்க. கீமோ இன்னும் எத்தனை சுற்று பாக்கி, அந்த ஊரில் தொடர முடியுமா, அதற்குச் சிகிச்சைச் சுருக்கம், பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன் படங்கள் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புதுச் சம்பளத்தில் அந்த ஊர் வாடகையும் தவணையும் போக என்ன நிற்கும் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். வேலை உத்தரவு எழுத்தில் வருகிறதா, எத்தனை மாதம் தகுதிகாண் காலம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போவதா, இருப்பதா என்று இரண்டே வழியாகக் கேட்டு ஜெபித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் மட்டும் முதலில் போய், பாக்கிச் சுற்றுகள் முடிந்தபின் நீங்கள் போவது என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது, அதையும் எழுதி வையுங்கள்.

பிறகு மூன்று பேரைப் பாருங்கள்: அந்தத் தொழில் தெரிந்த ஒருவர், உங்கள் குடும்பத்தை நெடுநாளாக அறிந்த ஒருவர், ஜெபிக்கவும் செய்து ‘வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்லவும் கூடிய ஒருவர். மூன்றாமவர் உங்கள் போதகராக இருக்கலாம், அல்லது சபையில் மூத்த ஒரு அம்மாவாக இருக்கலாம். ‘கர்த்தர் என்ன சொல்கிறார்’ என்று கேட்காதீர்கள். ‘எங்கள் கணக்கில் எது விட்டுப்போயிருக்கிறது’ என்று கேளுங்கள். அதன்பின் நீங்களும் கணவரும் தனித்தனியாக உங்கள் முடிவையும் காரணத்தையும் எழுதி, மறுநாள் மாற்றிப் படியுங்கள். பேசும்போது ஒருவர் வேகத்தில் மற்றவர் இழுபட்டுப் போவது இதனால் குறையும். முடிவை இரவில் எடுக்காதீர்கள், கீமோ நாளன்று எடுக்காதீர்கள். 16ஆம் நாள் வாக்கில் முடிவெடுத்து, ‘இதில் தவறு இருந்தால் எங்களைத் திருப்பும்’ என்று ஒப்புக்கொடுத்துவிட்டுப் பதில் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தேதியில் மறுபடி உட்கார்ந்து பார்ப்போம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை ‘சரிதானா, சரிதானா’ என்று தினமும் கிளறாதீர்கள்.

கடன் கொடுத்த வங்கிக்கு மூன்றாவது தவணை தவறுவதற்கு முன் நீங்களே போங்கள். நிறுவனம் மூடிய கடிதம், சிகிச்சைச் சீட்டுகள், ஆறு மாதக் கணக்கு விவரம் கொண்டுபோங்கள். சில மாதம் வட்டி மட்டும் கட்ட முடியுமா, காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா, நீட்டினால் மொத்த வட்டி எவ்வளவு கூடும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நெகேமியா 4:9இல் ஜெபம்பண்ணினதும் இரவும் பகலும் காவல் வைத்ததும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது.

அந்தத் தீர்க்கதரிசனம் நிறைவேறாமல் போனதற்கு உங்கள் வீட்டில் காரணம் தேடாதீர்கள். பாபிலோன் சிறையிருப்பு இரண்டு வருஷத்தில் முடியும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்திலேயே நின்று சொன்னான். 70 வருஷம் என்று எரேமியா எழுதினார், அதுதான் நடந்தது. ‘உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல’ என்று நாம் விரும்பிச் சொல்லிக்கொள்கிற எரேமியா 29:11, சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதின அந்த 70 வருஷக் கடிதத்தில்தான் வருகிறது. அதற்குமுன் வரும் வசனங்கள் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கின்றன. உங்கள் வீட்டிலும் ‘வேலை கிடைத்த பிறகு’ என்று ஒத்திவைத்தவற்றில் ஒன்றிரண்டை இப்போதே தொடங்குங்கள். இனி யாராவது காலக்கெடு வைத்துச் சொன்னால், போதகரையும் கூட வைத்துக்கொண்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் காணிக்கை கொடுத்தால் வேலை வரும் என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. சூரைச்செடியின் கீழ் ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் தூக்கமும், சுட்ட அடையும், தண்ணீரும் கொடுத்தார். அதுவும் இரண்டு தடவை. புத்தி சொல்லவில்லை. ஓரேப் மலைக்குப் போனபிறகு அவருடைய முறையீட்டை இரண்டு முறை அப்படியே சொல்லவிட்டுக் கேட்டார். அப்புறம்தான் செய்யவேண்டிய வேலையும், துணைக்கு எலிசா என்ற ஆளும். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் மனம் ஒட்டாமை இரண்டு வாரத்துக்குமேல் அநேகமாகத் தினமும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மாமியாருக்கு மருந்து தேவைப்படுவதுபோல் உங்களுக்கும் தேவைப்படலாம். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் உங்களுக்கோ கணவருக்கோ ஒருதடவை வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எட்டு மாதம் வீட்டிலிருக்கும் ஆண் இதைத் தானாகச் சொல்லமாட்டார். நீங்களே நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

சபையில் உதவி செய்ய விரும்புகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள், என்ன செய்வதென்று தெரியாமல்தான் வசனம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த கீமோ நாளன்று அத்தையோடு நாலு மணி நேரம் உட்கார ஒருவர் வேண்டும் என்று இந்த ஞாயிறே கேளுங்கள். அந்த நாலு மணி நேரத்தில் நீங்கள் தூங்குங்கள்.